கனலும் காற்றின் ஒளி – ஒரு வரலாற்று நோக்கு

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்வெட்டையோ காப்பியத்தையோ ஒட்டி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். விண்கலங்களின் முன்னே கனலும் காற்றைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. புறநானூற்றின் 229ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். விண்ணிலிருந்து மீன் ஒன்று வீழக் கண்ட கூடலூர் கிழார், கோச்சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் மறைந்தான். அந்த மீன் வீழ்ந்தபோது எந்த நாண்மீன் எங்கே நின்றது என்பதையெல்லாம் புலவர் கணக்காகக் குறித்திருப்பதை விளக்கிவிட்டு, விண்கொள்ளி ஒளிர்வது காற்றோடு உராய்வதனால்தான் என்று வழக்கம்போல் ஒரு தொடரையும் சேர்த்துச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "அம்மா, அவ்வளவு உயரத்தில் காற்றே அரிதாயிற்றே, எதோடு உராய்கிறது?" என்றாள். விடை தெரியவில்லை. பல ஆண்டுகளாக எத்தனையோ மாணவர்க்கு நான் சொல்லிவந்த அந்த ஒரு தொடர் பிழையானது என்று பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். இக்கட்டுரை அத்தேடலின் பயன். ஒருவகையில் அம்மாணவிக்குக் காலந்தாழ்த்தித் தரும் விடையும் ஆகும்.

உராய்வு என்ற சொல் இங்குப் பொருந்தாது. சிறு துகள்களின் கதை வேறு. அவை காற்றின் மூலக்கூறுகளில் நேரே மோதி ஆவியாகின்றன, அவற்றின் ஒளியில் பெரும்பங்கு அந்த ஆவியிலிருந்து வருவது. பெரிய உடல் ஒன்று ஒலியினும் பன்மடங்கு விரைந்து காற்று மண்டலத்துள் புகும்போது நிகழ்வதே நம் பொருள். முன்னே உள்ள காற்றுக்கு விலகி வழிவிட நேரமில்லை. 'ஒன்று வருகிறது' என்னும் செய்தியே காற்றில் ஒலியின் வேகத்தில்தான் பரவும். வருவதோ அச்செய்தியை முந்திக்கொண்டு வருகிறது. ஆகவே காற்று அவ்வுடலின் முன்னே ஒரு கணத்தில் அமுக்கப்பட்டு, அதிர்ச்சி அலை என்னும் மெல்லிய எல்லைக்கு இப்பால் கடுவெப்பம் அடைகிறது. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 கெல்வின் வரை ஆக்சிஜன் மூலக்கூறு பிரியும். 4,000க்கு மேல் நைட்ரஜன் பிரியத் தொடங்கும். 9,000 அளவில் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கத் தலைப்படும். இந்நிலையில் உள்ள வளியே பிளாஸ்மா. மின்மம் என்று மொழிபெயர்ப்பாரும் உளர். இங்குப் பலரும் அறிந்த பிளாஸ்மா என்ற சொல்லையே ஆள்கிறேன்.

பிளாஸ்மாவில் எத்தனை எலக்ட்ரான்கள் விடுபட்டிருக்கும் என்பதை வெப்பநிலையும் அழுத்தமும் கொண்டு கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தவர் ஓர் இந்தியர். டாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேகநாத சாஹா, 1920இல் கதிரவனின் நிறமண்டலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதனை வெளியிட்டார். விண்மீன்களின் நிறமாலையைப் படிப்பதற்காகப் பிறந்த அச்சமன்பாடு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஏவுகணைகளின் முனையைக் காப்பதற்கான கணக்குகளில் இடம்பெறும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

ஏவுகணை என்றே தொடங்க வேண்டியிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் கணைகளை ஆக்க முனைந்தபோது, அணுகுண்டைச் சுமந்து விண்ணிலிருந்து திரும்பும் முனை எரியாமல் தரையை அடைவது எங்ஙனம் என்பதே தலையாய வினாவாக நின்றது. விரைவுக்கு உரியது ஊசிமுனை என்று பொறியாளர் அனைவரும் நம்பியிருந்தனர். கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் ஆலன் 1951இல் அதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார்: முனை மழுங்கியிருக்க வேண்டும். மழுங்கிய முகம் தன் முன்னே வலிய அதிர்ச்சி அலையை எழுப்பும். இயக்க ஆற்றலின் பெரும்பகுதி காற்றைச் சூடேற்றுவதில் கழிந்து அக்காற்றோடு புறத்தே ஓடிவிடும். உடலைச் சேர்வது சிறுபகுதியே. ஆலனும் ஆல்பிரெட் எக்கர்சும் எழுதிய அறிக்கை 1953இல் கமுக்கமாகச் சுற்றுக்கு விடப்பட்டு, 1958இல்தான் வெளிப்படையாக அச்சேறியது. இன்று விண்ணிலிருந்து மீளும் கலங்கள் மழுங்கிய முகத்தோடு இருப்பதற்கு அதுவே மூலம்.

காற்றைச் சூடேற்றி வெப்பத்தைத் தள்ளிவிட்டோம் என்று மகிழ்ந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் உடனே எழுந்தது. சூடேறிய காற்று ஒளிரும். ஒளி, காற்றோடு ஒதுங்கி ஓடுவதில்லை. எல்லாத் திசையிலும் செல்லும், கலத்தை நோக்கியும் செல்லும். அந்த ஒளி எவ்வளவு?

இவ்வினாவுக்கு விடைகாண எழுந்த கூடங்களுள் முதன்மையானது ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் 1955இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எவரெட் நகரில் தொடங்கிய அவ்கோ-எவரெட் ஆய்வகம். அவர்களது கருவி அதிர்ச்சிக் குழல். பிரான்சு நாட்டின் பால் வியே 1899இலேயே வெடிப்புகளை ஆராய அதனை அமைத்திருந்தார். நீண்ட குழாய் ஒன்றை மெல்லிய தகட்டால் இரண்டாகத் தடுப்பர். ஒருபுறம் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோ ஹீலியமோ, மறுபுறம் மெலிந்த காற்று. தகடு கிழிந்ததும் அதிர்ச்சி அலை காற்றினூடே பாயும். அதன் பின்னே சில மைக்ரோ வினாடிகள் மட்டும், மீள்நுழையும் கலத்தின் முன்னே நிலவும் அதே வெப்பம் குழாய்க்குள் நிலவும். கான்ட்ரோவிட்சும் அவருடன் பணியாற்றிய ரெஸ்லர், லின் ஆகியோரும் 1952இலேயே ஆர்கான் வளியை இம்முறையில் 18,000 கெல்வின் வரை சூடேற்றிக் காட்டியிருந்தனர்.

கணக்கிடுவதற்கு என்ன தடை என்று கேட்கலாம். காற்றின் ஒளி ஒரே ஒளி அன்று. நைட்ரஜன், ஆக்சிஜன், அவை சூட்டில் கூடிப் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, அயனியான நைட்ரஜன் மூலக்கூறு, தனித்த அணுக்கள், தளையற்ற எலக்ட்ரான்கள் என ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிரும். அயனியான நைட்ரஜனின் நீலஊதாப் பட்டை, துருவங்களில் தோன்றும் ஒளித்திரையிலும் காணப்படுவதே. ஒவ்வொரு பட்டையிலும் கோடுகள் எண்ணிறந்தன. ஒவ்வொரு கோடும் எவ்வளவு எளிதாகப் பிறக்கும் என்னும் நிகழ்தகவு தெரிந்தாலன்றி மொத்தத்தைக் கூட்ட இயலாது; அந்நிகழ்தகவுகளோ அன்று அரைகுறையாகவே தெரிந்திருந்தன. பென்னட் கிவெல் உள்ளிட்டோர் 1957இல் வெப்பக் காற்றின் கதிர்வீச்சுக்கு அட்டவணைகள் அமைத்தனர். ஜேம்ஸ் கெக்கும் கிவெலும் பிறரும் அதிர்ச்சிக் குழலில் அளந்த ஒளிச்செறிவுகள் 1959இல் அச்சேறின. குழாயில் ஒட்டியிருக்கும் சிறிது கரிமாசு போதும். அது நைட்ரஜனோடு கூடிச் சயனோஜனாகித் தன் ஊதா ஒளியால் காற்றின் ஒளியை மறைத்துவிடும். குழாயைத் துடைப்பதும் ஆராய்ச்சியின் பகுதியாயிற்று.

இந்த அறிவு பிறந்தது அழிவுக்காக என்பதை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை. காற்றின் ஒளியை முதலில் கணித்தவர்களுக்குப் பொருள் தந்தவை படைத்துறைகள். குண்டின் முனை எரியாமல் போய்ச் சேர வேண்டும் என்பதும், அணுகுண்டு வெடிக்கையில் எழும் தீக்கோளத்தின் ஒளி எத்துணைத் தொலைவு சுடும் என்பதும் ஒரே அட்டவணையின் இரு பயன்கள். பின்னாளில் அவ்வட்டவணை மனிதரை உயிரோடு மீட்கப் பயன்பட்டது என்பதும் மெய். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மனிதரை மீட்கும் நிலை வந்தபோது வேகம் கூடியது. புவியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் கலம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும். நிலவிலிருந்து திரும்புவது 11 கிலோமீட்டரில் நுழையும். 11 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1 கிலோ பொருளின் இயக்க ஆற்றல் 6 கோடி ஜூல். 20 கிலோ பனிக்கட்டியை உருக்கிக் கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்க அது போதும். இதனினும் அச்சுறுத்தியது மற்றொன்று. தொட்டுச் செல்லும் காற்று தரும் சலன வெப்பம், வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். கதிர்வீச்சோ எட்டாம் அடுக்கையும் அதற்கு மேலும் ஒட்டி ஏறும். வேகம் 1.4 மடங்கானால் முன்னது மூன்று மடங்கை எட்டாது. பின்னது ஏறத்தாழ 15 மடங்காகும். ஆலனின் மழுங்கிய முகத்துக்கும் இங்கே ஓர் இடர் காத்திருந்தது. முகம் அகன்று மழுங்க மழுங்கச் சலன வெப்பம் குறையும். ஆனால் ஒளிரும் காற்றுப்படலம் தடிப்பதால் கதிர்வீச்சு கூடும். ஒன்றிலிருந்து காத்த வடிவமே மற்றொன்றை அழைத்துவந்தது.

அந்த ஒளியைக் கண்ணால் கண்டோர் சொல் ஏற்கெனவே கிட்டியிருந்தது. 1961இல் ககாரின் தம் கலத்தின் சன்னலுக்கு வெளியே செந்நிறச் சுடரைக் கண்டார். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் திரும்பியபோது, வெப்பக் கேடயம் கழன்றுவிட்டது என்று உணர்கருவி ஒன்று தவறாக அறிவித்திருந்தது. கேடயத்தைப் பிடித்துநிறுத்தும் என்ற நம்பிக்கையில், கழற்றிவிட வேண்டிய வேகத்தடை ஏவூர்திக் கட்டைக் கழற்றாமலே அவரை இறங்கச் செய்தனர். அது எரிந்து துண்டு துண்டாகச் சன்னலைக் கடந்தபோது, எரிவது கட்டா கேடயமா என்று அறியாமல் அவர் அமர்ந்திருந்தார். கேடயம் நலமாகவே இருந்தது.

நிலவுப் பயணத்துக்கு இத்தகைய ஐயம் ஆகாது. கேடயம் மெலிந்தால் மூவர் உயிர் போகும். தடித்தால் எடை மிகுந்து பயணமே நடவாது. அப்பல்லோ கலம் எதிர்கொள்ளும் கதிர்வீச்சு இவ்வளவு என்று கணித்தவர்களின் எண்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. குழாய்க்குள் சில மைக்ரோ வினாடிகள் கண்டதை நம்பி மனிதரை அனுப்புவதா என்னும் கேள்வி எழுந்தது. விளைவாகத் தோன்றியதே 'ஃபயர்' திட்டம். மீள்நுழைவுச் சூழலின் பறப்பாய்வு என்பதற்குரிய ஆங்கில முதலெழுத்துகள் தாமே கூடி நெருப்பு என்னும் சொல்லாயின. நாசாவின் லாங்லி ஆய்வகம் இதனை நடத்தியது.

அப்பல்லோவின் வடிவை ஒத்த சிறு கலம். குறுக்களவு முக்கால் மீட்டருக்கும் குறைவு. அட்லஸ் ஏவூர்தி அதனை விண்ணுக்கு உயர்த்தும். கீழ்நோக்கித் திரும்பியபின் மற்றோர் ஏவூர்தி அதனைப் புவியை நோக்கியே முடுக்கி எறியும். அட்லாண்டிக் கடலில் அசென்ஷன் தீவை அண்டிய வானத்தில் அது வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றுக்குள் புகும். கலத்தின் முகத்தைப் பெரிலியத்தால் மூன்று அடுக்குகளாக அமைத்திருந்தனர். மேலடுக்கு தான் பெறும் வெப்பத்தை அளந்துகொண்டே உருகும், உருகி முடிந்ததும் அதனையும் அதன் கீழிருந்த காப்புப் படலத்தையும் கழற்றி எறிந்தால் புத்தம்புதிய இரண்டாம் அடுக்கு வெளிப்படும், பின்னர் மூன்றாவது. குவார்ட்சுச் சன்னல்களின் பின்னே கதிர்வீச்சுமானிகள் ஒளியை மட்டும் தனியே அளந்தன. பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் வானொலி அலையைத் தடுத்துவிடுமாதலால், அந்த மௌனப் பொழுதில் கிடைத்த எண்களைப் பதிந்துவைத்துப் பின்னர் ஒலிபரப்பவும் வழி செய்திருந்தனர். முதற்கலம் 1964 ஏப்ரல் 14 அன்றும் இரண்டாம் கலம் 1965 மே 22 அன்றும் பறந்தன. கலத்தின் முன்னே சில சென்டிமீட்டர்த் தடிப்பில் ஒளிர்ந்த காற்று 11,000 கெல்வினுக்கு மேல் சூடேறியிருந்தது. கதிரவனின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. மீள்நுழைவு நீடித்தது ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதே. ஆயினும் இரண்டாம் கலம் தந்த எண்களைக் கொண்டே, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், புதிய கணிப்பு நிரல்களைச் சோதித்து வருகின்றனர்.

இதன்பின் அப்பல்லோ-4 ஆளின்றி 1967 நவம்பர் 9 அன்று கதிர்வீச்சுமானியோடு இறங்கியது. கேடயம் தேவைக்கு மிகுதியாகவே தடித்திருந்தது என்பது பறப்புகளில் தெரியவந்தது. அச்சத்தின் எடை அது. குறைகூற எனக்கு மனமில்லை. இடையே ஒரு செய்தி. நிலவைச் சுற்றி இவ்வேகத்தில் திரும்பிய முதல் உயிர்கள் மனிதர் அல்லர். 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட்-5 கலத்தில் இந்தியப் பெருங்கடலில் வந்து இறங்கிய இரண்டு ஆமைகளே அவை!

அப்பல்லோவுக்குப் பின் இத்துறையில் ஊக்கம் தளர்ந்தது. மீண்டும் உயிர்பெற்றது 1980களில். அதில் பெரும்பங்கு கொரியாவில் பிறந்து ஏம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய சுல் பார்க் என்பாரைச் சாரும். அதிர்ச்சி அலையைக் கடந்த கணத்தில் மூலக்கூறுகள் வெறிகொண்டு ஓடுகின்றன. அவற்றின் உள்ளதிர்வோ அந்த வெப்பத்தை இன்னும் அறியவில்லை. அறியச் சில மோதல்கள் வேண்டும். ஆகவே ஒரே வளிக்கு ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலைகள்: ஓட்டத்துக்கு ஒன்று, உள்ளதிர்வுக்கும் எலக்ட்ரான்களுக்கும் ஒன்று. இவ்விரு வெப்பநிலை அமைப்பைக் கணக்குக்குள் கொணர்ந்து, சமநிலை எய்தாக் காற்றின் ஒளியைக் கணிக்கும் 'நெக்கேர்' என்ற நிரலையும் அவர் 1985இல் உருவாக்கினார். கவிஞர்களாகிய உங்களுக்கு இரு வெப்பநிலை கொண்ட ஒரு பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

நிரல் இருந்தும் உண்மை பிடிகொடுக்கவில்லை. 1990இலும் 1991இலும் முனையில் புற ஊதாக் கருவிகளைத் தாங்கிய சிறு ஏவூர்திகளை அமெரிக்கர் பறக்கவிட்டனர். தாழ்ந்த உயரத்தில் கணிப்பும் அளவும் ஓரளவு ஒத்தன. உயரம் கூடியபோது, கணித்ததைவிடப் பன்மடங்கு ஒளி வந்தது. பிழை எங்கே? சமநிலையின்மையைப் பற்றிய கருத்திலா, ஒளியைக் கூட்டும் அடிப்படைக் கணக்கிலா? இரண்டும் பின்னிக் கிடந்தால் எதனைத் திருத்துவது?

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் குரூகரின் ஆய்வகம் இம்முடிச்சை அவிழ்த்த முறை எனக்கு மிகவும் உவப்பானது. அவர்கள் விரைவை விட்டுவிட்டு நிதானத்தைத் தேர்ந்தனர். 50 கிலோவாட் ஆற்றலுடைய பிளாஸ்மா விளக்கு. செம்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாய, நடுவே செல்லும் சாதாரணக் காற்று யாதொரு மின்முனையும் தொடாமல் 7,000, 8,000 கெல்வின் வரை சூடேறித் தழலாக மேலெழும். மின்முனை இன்மையால் மாசு இல்லை. மெதுவாக எழுவதால் வளி சமநிலையிலேயே இருக்கும், வெப்பநிலை ஒன்றே. அதிர்ச்சிக் குழலில் மைக்ரோ வினாடிகளுக்குள் பறிக்க வேண்டியிருந்ததை, இங்கே மணிக்கணக்கில் அமர்ந்து, அளவு தெரிந்த தரவிளக்குகளோடு ஒப்பிட்டுக் கோடு கோடாக அளக்கலாம். சமநிலையின்மை என்னும் ஐயம் நீங்கியதால், எஞ்சும் வேறுபாடு அடிப்படைக் கணக்கின் பிழையே என்று துணியலாம். கிறிஸ்டோஃப் லோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1993இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதன் விளைவு. நைட்ரிக் ஆக்சைடின் புற ஊதாப் பட்டைகள் முதலியவற்றுக்குப் பழைய நிரலில் இருந்த எண்களை அவரும் உடன் பணியாற்றியோரும் திருத்தினர். 'ஸ்பெக்கேர்' என்னும் நிரல் அதனின்று வளர்ந்தது. நானும் ஆய்வேடு எழுதியவள் என்பதால் சொல்கிறேன்: ஓர் ஆய்வேட்டின் எண்கள் பிறர் கையில் நாள்தோறும் புழங்குவது அரிய பேறு.

கணிப்புக்கும் மெய்க்கும் இடையே நிகழ்ந்த மிகக் கடுமையான சோதனை புவியில் அன்று, வியாழனில். 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோவின் ஆய்கலம் வியாழனின் வளிமண்டலத்துள் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்தது. அங்குள்ளது காற்றன்று, ஹைட்ரஜனும் ஹீலியமும். வெப்பத்தின் மிகப்பெரும் பங்கு கதிர்வீச்சாகவே வந்தது. 339 கிலோ எடையுள்ள கலத்தில் 152 கிலோ கேடயமே. அதில் ஏறத்தாழ 80 கிலோ எரிந்து போயிற்று. கேடயத்தில் பதித்திருந்த உணரிகள், அது தேயத் தேயத் தாமும் தேய்ந்து, எஞ்சிய தடிப்பை அறிவித்தன. எண்களைப் படித்தவர்கள் வியந்தனர். மூக்குப்பகுதி கணித்ததைவிடக் குறைவாகவே தேய்ந்திருந்தது. தோள்ப்பகுதியோ கணித்ததைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தது. எரியும் கேடயத்திலிருந்து எழும் ஆவி, வரும் ஒளியை விழுங்கிக் கேடயத்தைக் காக்கும் என்பது அறிந்ததே. எங்கே எவ்வளவு காக்கும் என்பதில்தான் கணக்கு பிசகியது. அஞ்சிய இடத்தில் மிகையாகவும் அஞ்சாத இடத்தில் குறையாகவும் காப்பிட்டிருந்தனர். ஆயினும் கலம் பிழைத்தது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வியாழனின் மேகங்களினூடே செய்தி அனுப்பிற்று.

2005 ஜனவரி 14 அன்று சனியின் துணைக்கோளான டைட்டனில் ஹைகென்ஸ் கலம் இறங்குமுன்னும் இத்தகைய கலக்கம் எழுந்தது. அங்கே நைட்ரஜனும் மீத்தேனும் கூடிக் கனலும்போது, அன்று குழாய்களைக் கெடுத்த அதே சயனோஜனின் ஒளி முதன்மை பெறும் என்பதால் கணக்குகளை மீண்டும் மீண்டும் சோதித்தனர். கலம் நலமே இறங்கியது.

அடுத்த ஆண்டு, 2006 ஜனவரி 15 அதிகாலையில், வால்மீன் தூசியைச் சுமந்த ஸ்டார்டஸ்ட் பேழை வினாடிக்கு ஏறத்தாழ 12.9 கிலோமீட்டர் வேகத்தில் அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தை நோக்கி வீழ்ந்தது. நாசாவின் டிசி-8 வானூர்தி அந்நேரத்தில் வானில் காத்திருந்தது. அதனுள் விண்கொள்ளிகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பீட்டர் ஜென்னிஸ்கென்சின் குழுவினர் நிறமாலைக் கருவிகளைச் சன்னல்தோறும் பொருத்தி அமர்ந்திருந்தனர். எந்த நொடியில், எந்தத் திசையில், எந்த விண்மீன்களினூடே அது தோன்றும் என்று முன்னரே கணித்த விண்வீழ் ஒளி அது. கூடலூர் கிழார் வீழ்ந்த பின் குறித்ததை இவர்கள் வீழுமுன்னே குறித்துவைத்திருந்தனர்.

நம் நாட்டின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரியில் விண்ணிலிருந்து மீண்ட முதல் இந்தியக் கலம் வங்கக் கடலில் இறங்கியது. 2014 டிசம்பர் 18 அன்று அந்தமான் அருகே கடலில் இறங்கிய ஆளில்லா மனிதக்கலத்தைக் கடலோரக் காவற்படையினர் மீட்டுச் சென்னையை அடுத்த எண்ணூர்த் துறைமுகத்தில் கொணர்ந்து சேர்த்தனர். இவை இரண்டும் நுழைந்த வேகம் 8 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. அங்கே ஒளி ஒரு பொருட்டன்று, தொட்டுச் செல்லும் வெப்பமே மேலோங்கும். நிலவின் மண்ணைக் கொணரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் பேழை 11 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும். அப்போது கேடயத்தின் தடிப்பைக் குறிப்பவர் மேசையில், 1965இல் அசென்ஷன் தீவின் வானத்தில் ஒரு நிமிடம் கனன்ற காற்று தந்த எண்களும் இருக்க வேண்டும்.

வினா எழுப்பிய மாணவி இப்போது எங்கோ ஆசிரியையாக இருக்கிறாள் என்று கேள்வி. 229ஆம் பாடலை நடத்தும்போது உராய்வு என்று நான் சொல்வதில்லை.